புதுப்பிப்பு: புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு – விளம்பரத் தளக் கணக்கு ஒத்துப்போகாதது தீர்ந்தது

என் ஆன்லைன் கடைக்கு ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: இரண்டு விளம்பரத் தளங்கள் காட்டிய கன்வர்ஷன்களை (தங்கள் விளம்பரத்தால் நடந்ததாகத் தளங்கள் பதியும் வாங்குதல்களை) கூட்டினால் கடையின் மொத்த ஆர்டரையே தாண்டியது. அதனால் ஒரு ஆளுக்கான செலவு நம்பமுடியாத அளவு குறைவாகத் தெரிந்தது.

தீர்த்து வைத்தது, "செலவைக் கன்வர்ஷனால் வகுக்காதீர்கள், முதல் ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுங்கள்" என்ற யோசனை. முழு ஆர்டர் பட்டியலை இறக்கி, ஒவ்வொருவரின் மிகப் பழைய ஆர்டர் தேதியை எடுத்து, அது கணக்குப் பார்க்கும் மாதத்தில் விழுபவர்களை மட்டும் எண்ணினேன். செலவுப் பக்கம் விளம்பரத்தோடு ஏஜென்சிக் கட்டணம், வீடியோ தயாரிப்பு, முதல் ஆர்டர் கூப்பன் தள்ளுபடி எல்லாம் சேர்ந்தன. கூப்பனைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்பாராதது: கணக்கு தொடங்காமல் வாங்கும் பழைய வாடிக்கையாளர் வேறு மின்னஞ்சல் தந்தால் புதியவராகிவிடுகிறார். நாட்டுக் குறியீட்டையும் இடைவெளிகளையும் நீக்கிய தொலைபேசி எண்ணை வைத்துப் பொருத்தியதும் சரியானது.

இன்னொன்று, ஒரே வாங்குதலை பிரவுசர் பிக்சலும் (கடைப் பக்கத்தில் வைக்கும் கண்காணிப்பு நிரல்) கடையின் சர்வரும் வெவ்வேறு நிகழ்வு ஐடியோடு (ஒவ்வொரு பதிவின் அடையாள எண்) அனுப்பியதால் ஒரு தளத்தில் இரட்டிப்பாகப் பதிவானது. இரண்டுக்கும் ஆர்டர் எண்ணையே ஐடியாகக் கொடுத்ததும் நின்றது. இரு தளங்களும் ஒரே ஆர்டருக்கு உரிமை கோருவது மட்டும் தொடர்கிறது; அதற்கு அமைப்பில் (செட்டிங்ஸில்) மருந்து இல்லை.

கடைசியாக ஒன்று: திருப்பி அனுப்பப்படும் ஆர்டர்களும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடாமல் இருக்க, ரிட்டர்ன் கெடு முடிந்த பிறகே மாதக் கணக்கை மூடுங்கள்.