மறு: ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக்கும் வேலைக்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களே, வணக்கம்.

ஒரே ஒரு சொல் கேட்டேன். இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையைப் பாதியில் பிடித்தவர்களுக்காக: ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஏ80 சுப்ரா (டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றில் இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நானும் ஒரு நண்பரும் கழற்றிவிட்டு மேனுவல் போட்டோம். செய்ததை மறப்பதற்குள் தமிழில் குறித்துவைக்க உட்கார்ந்தேன். தலைப்பிலேயே பேனா நின்றுவிட்டது. பேச்சில் 'மேனுவலுக்கு மாத்தியாச்சு' என்று சொல்லிவிடலாம். எழுதும்போது இந்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அது 20 முறை வருகிறது.

> கைமாற்றம் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான். ஆனால் 'வண்டி கைமாறியது' என்றால் விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். 'கைமாற்று' என்றால் நண்பரிடம் வாங்கிய சில்லறைக் கடன். 'இந்த சுப்ரா கைமாற்றம் செய்யப்பட்டது' என்று எழுதினால் படிப்பவர் ஆர்சி புத்தகத்தைத் தேடுவார். கை என்ற சொல்லோடு மாறு, மாற்று எது சேர்ந்தாலும் தமிழில் பணமோ பொருளோ நடுவில் வந்து நின்றுவிடுகிறது.

> தானியங்கிச் செலுத்தத்திலிருந்து கைமுறைச் செலுத்தத்திற்கு மாற்றுதல்.

ஐயா, பொருளில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இது விளக்கம். கலைச்சொல்லாக நிற்க நீளம் இடம் கொடுக்காது. இன்னொரு சிக்கல், 'செலுத்துதல்' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. வண்டியையும் செலுத்துகிறோம், பணத்தையும் செலுத்துகிறோம். 'கைமுறைச் செலுத்தம்' என்று தனியாகப் பார்த்தால் எனக்குக் கட்டணம் கட்டும் வரிசைதான் நினைவுக்கு வருகிறது. 'தானியங்கி நீக்கம்' என்று வேறொருவர் எழுதியிருந்தார். ஓட்டுநரே இல்லாமல் ஓடும் கார்கள் வந்துவிட்ட பிறகு, தானியங்கியை நீக்கினோம் என்றால் எந்தத் தானியங்கியை என்று கேட்பார்கள்.

ஆனால் எனக்கு உண்மையான தலைவலி கொடுத்த சொல் 'மாற்று'. குறிப்பின் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: 'முறுக்குவிசை மாற்றியை மாற்றி, வேகமாற்றியை மாற்றிய பிறகு, பல்லிணை மாற்றுவது மாறும்.' எழுதிய எனக்கே இரண்டாம் நாள் புரியவில்லை. டார்க் கன்வெர்ட்டரும் (ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினின் சுழற்சியைத் திரவம் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) மாற்றி, ஓடும்போது இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குப் போவதும் மாற்றம், பழைய பாகத்தை எடுத்துப் புதியதை வைப்பதும் மாற்றம், வண்டியின் வகையே வேறாவதும் மாற்றம். நான்கும் வெவ்வேறு. அதனால் எனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கியரை மாற்றுவதற்கு மட்டும் 'மாற்றம்'. பாகத்தை எடுத்து இன்னொன்றை வைப்பது 'மாற்றீடு'. வகை வேறாவதற்கு 'ஆக்கம்'. வேறு மொழியில் இருப்பதைத் தமிழாக ஆக்குவதைத் தமிழாக்கம் என்கிறோமே, அந்த ஆக்கம். பின்னொட்டு கிடைத்துவிட்டது. முன்னால் எதை வைப்பது என்பதுதான் மீதி.

> மேனுவல் என்றால் கைதானே? கைமுறையாக்கம். முடிந்தது கதை.

முடியவில்லை நண்பரே. கழற்றி மாட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வேலையில் கைக்குப் புதிதாகக் கிடைப்பது குறைவு. ஆட்டோமேட்டிக்கிலும் கைக்கு ஒரு தண்டு உண்டு. பி, ஆர், என், டி என்று அதைக் கையால்தான் தள்ளுகிறோம். இப்போதைய ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் 'எம்' என்று ஒரு நிலையும் இருக்கிறது. அதில் போட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இறக்கையைத் தட்டினால் கியர் மாறும். அதையும் மேனுவல் மோட் என்றுதான் அழைக்கிறார்கள். அப்படியென்றால் அந்த வண்டி ஏற்கெனவே கைமுறைதானா?

இதைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. 1968 மாடலிலிருந்து போர்ஷே 911இல் ஸ்போர்ட்டோமேட்டிக் என்றொரு கியர்பாக்ஸ் வந்தது. வழக்கமான கியர் தண்டு உண்டு, ஓட்டுபவர் கையால் ஒவ்வொரு கியராக மாற்ற வேண்டும். கிளட்ச் மிதி மட்டும் கிடையாது. தண்டில் கை பட்டதும் உள்ளே ஒரு சிறிய சுவிட்சு மூடிக்கொள்ளும், வெற்றிடத்தால் இயங்கும் கருவி கிளட்சை விடுவிக்கும். அந்தக் காரை வாங்கி மேனுவலாக்கியவர்கள் பலர். கையால் கியர் மாற்றிக்கொண்டிருந்த வண்டியை எப்படிக் 'கைமுறையாக்குவது'? கைக்கு இருந்த வேலை அப்படியே இருக்கிறது. புதிதாக வேலை கிடைத்தது இடது காலுக்கு.

அடுத்து வந்த பரிந்துரை, 'பல்லிணைப்பெட்டி மாற்றீடு'. பல்லிணை என்றால் கியர், பல்லிணைப்பெட்டி என்றால் கியர்பாக்ஸ். இதில் எனக்குப் பல்லிணை என்ற சொல் மிகவும் பிடிக்கும். மேனுவல் பெட்டிக்குள் முன்னோக்கிய கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகக் கடித்துக்கொண்டேதான் சுற்றுகின்றன. நாம் தண்டைத் தள்ளும்போது அந்த ஜோடிகளில் ஒன்று பெட்டிக்குள் சுழலும் அச்சோடு பூட்டப்படுகிறது, அவ்வளவுதான். மூன்றாம் கியர் என்பது ஒரு சக்கரம் அல்ல, ஓர் இணை. 'பற்சக்கரம்' சொல்லாததைப் 'பல்லிணை' சொல்கிறது. சரி, சொல் நல்லது. ஆனால் இந்த வேலைக்குப் பொருந்துமா?

எங்கள் வண்டிக்குப் பொருந்தும். ஏ80 சுப்ராவில் ஆட்டோமேட்டிக் என்றால் 4 கியர். மேனுவலில் டர்போ வண்டிக்குக் கெட்ராக் வி160 என்ற 6 கியர் பெட்டி, டர்போ இல்லாததற்கு டபிள்யூ58 என்ற 5 கியர் பெட்டி. வி160 விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. அதனால் முந்தைய தலைமுறை டர்போ சுப்ராவின் ஆர்154ஐத் தேடிப் போடுபவர்கள் உண்டு. எதைப் போட்டாலும் பெட்டி போய்ப் பெட்டி வருகிறது.

ஆனால் பிஎம்டபிள்யூவின் ஈ46 எம்3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எஸ்எம்ஜி என்ற வகை உண்டு. கிளட்ச் மிதி இல்லை, கணினியே கிளட்சை அழுத்தும், கியரையும் மாற்றும். பார்க்க ஆட்டோமேட்டிக் போல இருக்கும். கீழே இறங்கிப் பார்த்தால் மேனுவல் காரில் இருக்கும் அதே 6 கியர் கெட்ராக் பெட்டி, அதன் தலையில் ஹைட்ராலிக் இயக்கி. மேனுவலாக்க அந்த இயக்கியைக் கழற்றி, மிதியும் கியர் தண்டும் பொருத்தி, இன்ஜின் கணினிக்கு 'இனி நீ மேனுவல் வண்டி' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது! ஃபெராரி எஃப்430இல் இதேபோல் மிதி இல்லாமல் வரும் எஃப்1 என்ற கியர்பாக்ஸை மேனுவலாக்குபவர்களும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறார்கள். அங்கே 'பெட்டி மாற்றீடு' என்று எழுதினால் பொய்.

ஆக கையும் இல்லை, பெட்டியும் இல்லை. எல்லா வண்டிகளிலும் தவறாமல் நடப்பது என்ன? இங்கேதான் போன வாரம் ஓர் அக்கா விளையாட்டாக எழுதிய வரி திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

> பேசாமல் மூணு மிதி வண்டி என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

அக்கா, நீங்கள் கிண்டலுக்குச் சொன்னீர்களோ என்னவோ, நான் பிடித்துக்கொண்டேன். ஸ்போர்ட்டோமேட்டிக், எஸ்எம்ஜி, டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய ஆட்டோமேட்டிக் எல்லாவற்றுக்கும் பொது அடையாளம் ஒன்றுதான்: ஓட்ட இரண்டு மிதி. வேலை முடிந்ததும் எல்லாவற்றிலும் மூன்று. இருமிதி, மும்மிதி. மும்மொழி, மும்முரசு, மும்மடங்கு என்று பழகிய வாய்க்கு மும்மிதி கடினமே இல்லை. வேலையின் பெயர் மும்மிதியாக்கம். 'இந்தக் கார் மும்மிதியாக்கப்பட்டது' என்று வினையாகவும் வளைகிறது.

எங்கள் வண்டியே இதற்குச் சாட்சி சொன்னது. எல்லாம் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினோம். ஒரு சத்தமும் இல்லை. ஒரு மாலை முழுக்க பேட்டரியைச் சந்தேகப்பட்டோம், பிறகு ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம். ஆட்டோமேட்டிக்கில் தண்டு 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அதைப் பார்த்துச் சொல்லும் சுவிட்சு கியர்பாக்ஸின் மேலேயே இருக்கிறது. கியர்பாக்ஸைக் கழற்றியபோது அதுவும் கூடவே போய்விட்டது, மின்சுற்று அறுந்தது. இரண்டு கம்பிகளைச் சும்மா முறுக்கிவிட்டாலும் வண்டி கிளம்பும்தான். முறையான வழி, கிளட்ச் மிதியில் ஒரு சுவிட்சு வைத்து அதன் வழியாக இணைப்பது. அப்படித்தான் செய்தோம். இப்போது மூன்றாவது மிதியை அழுத்தினால்தான் இன்ஜின் உயிர் பெறும். முன்பு தண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்த வண்டி, இப்போது இடது கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது.

வேலையில் நேரத்தை விழுங்கியதும் மிதிகள்தான். கியர்பாக்ஸை ஏற்றுவது முதுகை உடைக்கும், ஆனால் ஒரு நாளில் முடியும். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவதும், ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் மிதியை எடுத்துவிட்டுக் குறுகலானதை வைப்பதும் அப்படி அல்ல. இந்த வண்டி வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ளது, அதனால் மிதிகளும் வலப்பக்க வண்டியிலிருந்துதான் வர வேண்டும். இடப்பக்க வண்டியின் மிதித் தொகுதி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பொருந்தாது.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

> மிதிவண்டி என்றால் சைக்கிள். மும்மிதி வண்டி என்றால் மூன்று சக்கர சைக்கிள் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான பயம். அதனால்தான் 'மும்மிதி வண்டி' என்று எழுதாமல் 'மும்மிதிக் கார்' என்று எழுதப்போகிறேன். தலைப்புச் சொல்லான மும்மிதியாக்கத்தில் இந்தக் குழப்பம் வர வழியில்லை.

> சில ஆட்டோமேட்டிக் கார்களில் பார்க்கிங் பிரேக்கையும் காலால் அழுத்த வேண்டும். எண்ணிப் பார்த்தால் அதிலேயே மூன்று மிதி. மேனுவலில் நான்கு.

இந்த மடலைப் படித்ததும் ஒரு நிமிடம் ஆடிப்போனேன். மறுக்கவே முடியாது, அப்படிப்பட்ட கார்கள் உண்டு. வரையறையில் ஒரு வரி சேர்க்கிறேன்: 'ஓடிக்கொண்டிருக்கும்போது பயன்படும் மிதிகளே கணக்கு.' நிறுத்திய பிறகு அழுத்துவது கணக்கில் வராது. கொஞ்சம் வக்கீல்தனமாக இருக்கிறது என்பது தெரியும். இதைவிடச் சிறிய ஓட்டை உள்ள சொல் கிடைத்தால் இதை விட்டுவிடத் தயார்.

> கிளட்சை வைத்தே பெயர் சூட்டினால் என்ன? உரசிணைப்பியாக்கம். அல்லது சுருக்கமாகப் 'பற்றி'.

உரசிணைப்பி, பாகத்தின் பெயராக அருமை. உரசலால் இணைப்பது என்று அது செய்வதை அப்படியே சொல்கிறது. ஆனால் எஸ்எம்ஜியில் கிளட்ச் முதலிலிருந்தே இருக்கிறது, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கின் வயிற்றுக்குள்ளும் கிளட்ச் தட்டுகள் பல உண்டு. இல்லாத ஒன்றை ஆக்கவில்லை, அதை அழுத்தும் உரிமையைக் கணினியிடமிருந்து காலுக்குக் கொண்டுவருகிறோம். 'பற்றி' விஷயத்தில் நான் வாதமே செய்யவில்லை. பற்றியைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், புரியும்.

> கியர், கிளட்ச் எல்லாம் தமிழாகிவிட்ட சொற்கள். வலிந்து ஏன் ஆக்க வேண்டும்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். என் குறிப்பில் கிளட்ச், பைலட் பேரிங், ஸ்டார்ட்டர் எல்லாம் அப்படியேதான் இருக்கும். கடையில் போய் உரசிணைப்பி கேட்கும் எண்ணம் எனக்கும் இல்லை. பாகத்துக்குக் கடைப்பெயர் போதும். வேலைக்கான சொல் வாக்கியத்தில் வினையாகவும் பெயரெச்சமாகவும் வளைய வேண்டும். 'மேனுவல் கன்வர்ஷன் செய்யப்பட்ட' என்று 20 முறை எழுதிப் பார்த்தவன் சொல்கிறேன், அது வளையாது.

ஆக மும்மிதியாக்கம் என்றே தலைப்பிட்டு எழுதத் தொடங்குகிறேன். வலுவான எதிர்ப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒரு சொல் வேண்டும். மேனுவலில் இன்ஜினின் பின்முனையில் சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான சக்கரம், ஃப்ளைவீல் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று, ஃப்ளெக்ஸ் பிளேட். சுற்றில் ஸ்டார்ட்டர் கடிக்கும் பற்கள், நடுப்பகுதி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டார்க் கன்வெர்ட்டர் இதில்தான் மாட்டியிருக்கும், கனத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். 'நெகிழ்தகடு' என்று எழுதினேன். நண்பர் படித்துவிட்டு, 'இன்ஜினில் எதற்குப்பா பிளாஸ்டிக் தகடு?' என்று கேட்டார். நெகிழியை நாம்தான் பிளாஸ்டிக்குக்குக் கொடுத்துவிட்டோமே. 'வளைதகடு' என்றால் ஏற்கெனவே வளைந்துபோன தகடு என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. யாருக்காவது வேறு தோன்றுகிறதா?