கொள்முதல் கணக்குக்கு எக்செலா, கூகுள் ஷீட்ஸா?

மேகமலை: நாலு பேர் ஒரே கொள்முதல் பதிவேட்டில் பில் ஏற்றும் அலுவலகத்தில் இன்னும் எக்செல் கோப்பை மெயிலில் சுற்றவிடுவது வீண் வேலை. ஷீட்ஸில் ஒரே தாள்தான். தொகையை யார் மாற்றினார் என்று தெரிய வேண்டுமா? அந்த செல்லில் வலது கிளிக், ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’. முடிந்தது.

கணக்குப்பிள்ளை: ரோவையே நீக்கியிருந்தால் அதில் தெரியாது சார், வெர்ஷன் ஹிஸ்டரிக்குத்தான் போகணும். அதை விடுங்கள். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் மாதப் பட்டியல்) வந்ததும் என்ன செய்வீர்கள்? எக்செலில் 2பி, நம் பதிவேடு இரண்டு கோப்பையும் பவர் குவெரிக்குள் (தரவைச் சீராக்கி இணைக்கும் எக்செல் கருவி) எடுத்து, 2பி-யின் மேல் தலைப்பு வரிகளை நீக்கி, ஜிஎஸ்டி எண், பில் எண் இரண்டையும் வைத்து மெர்ஜ் (இணைப்பு), ‘ஃபுல் அவுட்டர்’ வகை. ஜோடி சேராத வரிகளும் இரு பக்கத்திலிருந்தும் வரும். 2பி பக்கம் காலியா, சப்ளையர் இன்னும் காட்டவில்லை. நம் பக்கம் காலியா, நாம் ஏற்றவில்லை. அடுத்த மாதம் புதுக் கோப்பை அதே பெயரில், அதே இடத்தில் வைத்து ரிஃப்ரெஷ் அடித்தால் போதும். மெர்ஜுக்கு முன் ட்ரிம் (ஓரத்து இடைவெளி நீக்கம்), அப்பர்கேஸ் (எல்லாம் பெரிய எழுத்து) கட்டாயம். ‘Ab’யும் ‘AB’யும் அதற்கு வேறு வேறு.

மேகமலை: சில ஆயிரம் பில்லுக்கு இவ்வளவு எதற்கு? இரண்டு எண்ணையும் ஒட்டி ஒரு சாவி, அதை மற்றத் தாளில் தேட எக்ஸ்லுக்கப் ஃபார்முலா. ஷீட்ஸிலும் இருக்கிறதே.

சுழியம்: சாவியே கெட்டுப்போனால் இரண்டும் கைவிடும். பில் எண் 5-11 என்று அடித்தால் இரண்டு மென்பொருளும் தேதியாக்கிவிடும். 0047 வெறும் 47 ஆகிவிடும். பிறகு எக்செலில் டெக்ஸ்ட் ஆக்கினாலும் பழைய எண் திரும்பாது, தேதியானது ஐந்திலக்க எண்ணாக நிற்கும். ஏற்றும் *முன்பே* நெடுவரிசை முழுவதையும் டெக்ஸ்ட் ஆக்குங்கள் (ஷீட்ஸில் ‘பிளெயின் டெக்ஸ்ட்’). இந்தத் தொல்லையால்தான் 2020இல் MARCH1 மரபணுவின் பெயரையே MARCHF1 என்று மாற்றினார்கள்!

கணக்குப்பிள்ளை: ஷீட்ஸில் இன்னொன்று. லொகேல் (எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு) அமெரிக்காவில் இருந்தால் 05/04 என்பது மே 4. 13/04 தேதியே ஆகாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

மேகமலை: ஃபைல் > செட்டிங்ஸில் இந்தியா என்று ஒருமுறை மாற்றினால் தீர்ந்தது. தமிழ்ப் பெயர் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செலில் டபுள் கிளிக் செய்து பாருங்கள், பல நேரம் எழுத்தெல்லாம் குப்பை. ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய் 65001 (யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீடு) தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் வரும்.

கணக்குப்பிள்ளை: அது சரிதான். பதிவு ஷீட்ஸில், ஒப்பீடு எக்செலில் என்றால் எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் லாப விகிதத் தாளை அதே கோப்பில் மறைத்து வைக்காதீர்கள். வியூவர்கூட (பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்) நகல் எடுத்து அதைத் திறந்துவிடலாம்.

மேகமலை: ஷேர் அமைப்பில் நகல், டவுன்லோட் அனுமதி டிக்கை எடுத்துவிடலாமே.

சுழியம்: அது மறைத்த தாளை எடிட்டரிடமிருந்து (திருத்தும் அனுமதி உள்ளவர்) காக்காது. பில் ஏற்றுகிற நாலு பேரும் எடிட்டர்.