புதுப்பிப்பு: டாடா 407 மினி லாரி கேபின் சத்தம், வேலை முடிஞ்சுது

மூணு மாசம் முன்னாடி இங்கே கேட்டிருந்தேன்: 2004 மாடல் 407, இன்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு, கிளீனர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூட கத்தணும், என்ன ஒட்டலாம்னு.

தரை மேட்டைத் தூக்கினதுமே முதல் அடி. கிளட்ச் பெடலுக்குக் கீழே துரு தின்னு, விரல் நுழையுற ஓட்டை. அதுக்கு மேலேயே ஒட்டியிருந்தா ஈரம் உள்ளே நின்னு தரையே போயிருக்கும். டிங்கரிங், பிரைமர்னு அதுக்கே ரெண்டு நாள்.

அப்புறம் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (தகரத்துல ஒட்டுற ரப்பர் மாதிரி ஷீட்). விலை கம்மின்னு கதவுல தார் ஷீட் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். வெயில்ல இளகி ஒரே வாடை, பிச்சு எறிஞ்சாச்சு. தகரத்தைத் தட்டினா 'டங்'குங்கிறது 'தொப்'புன்னு மாறணும், அவ்வளவுதான். அதுக்குக் கால்வாசி இடம் மூடினாலே போதும். கூரை முழுக்க ஒட்டினது என் பேராசை (மழைக்கு மட்டும் சுகமா இருக்கு).

ஆனா பியூட்டைல் தகரத்தோட அதிர்வைத்தான் அடக்கும். காத்து வழியா வர்ற சத்தத்துக்கு ஓட்டையைத்தான் அடைக்கணும். கியர் லீவர் அடியில கிழிஞ்ச ரப்பர் பூட்டை மாத்தி, வயர் போற துளைகளை அடைச்சு, இன்ஜின் மூடிக்கு உள்பக்கம் சூடு தாங்குற ஃபோம் வெச்சதும்தான் நிஜமான வித்தியாசம்.

இப்போ பின்னாடி ஸ்பிரிங் பட்டாவோட புஷ் (பட்டா மாட்டுற இடத்து உருளை) கீச்சிடுறது தெளிவா கேக்குது. எத்தனை வருஷமா கத்திச்சோ!