மறு: மறு: ‘டோனர் கார்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

(கோவையிலிருந்து)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் கார் கட்டும் கையேட்டின் தமிழாக்கம் முதல் அத்தியாயத்தைத் தாண்டாமல் நிற்கிறது. பிஸ்டனுக்கும் கிளட்சுக்கும் சொல் தேடி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பட்டறையில் வழங்குகிறபடியே இருக்கட்டும் என்று முன்பே பேசி முடித்துவிட்டோம். சிக்கல், பட்டறையில் இன்னும் பெயர் ஏற்படாத இரண்டு பொருள்களில்தான். ஒன்று, உறுப்புகளைத் தொகுப்பாக வாங்கி வந்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கார். மற்றொன்று, அதற்கு என்ஜினையும் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் தந்துவிட்டு இல்லாமல் போகும் பழைய கார். பின்னதை ஆங்கிலத்தில் டோனர் (donor, கொடுப்பவர்) என்கிறார்கள். அதை அப்படியே எழுதினால் ஜெராக்ஸ் கடையில் இயந்திரத்துக்குள் ஊற்றும் கறுப்புத் தூள்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஒலிபெயர்ப்பு என்ற குறுக்குவழி அடைபட்டது.

இதுவரை வந்த பரிந்துரைகள் கொடைக்கார், கொடையாளிக் கார், ஈகை மகிழுந்து ஆகியவை. மூன்றாவதை அனுப்பிய நண்பரின் தமிழ்ப்பற்றுக்கு வணக்கம். ஆனால் அச்சொல்லைப் பட்டறையில் உரக்கச் சொல்லிவிட்டு ஸ்பேனர் கேட்க என்னால் முடியாது.

‘கொடை’யிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. குருதிக்கொடை, உறுப்புக்கொடை ஆகியவற்றில் கொடுப்பவருக்கு மனம் இருக்கிறது, சம்மதக் கையெழுத்து இருக்கிறது. இருபது ஆண்டு ஓடி, தரைத்தகடு துருப்பிடித்த மாருதி ஆம்னி வேனுக்கு மனம் ஏது? நாம்தான் அதைப் பணம் கொடுத்து வாங்குகிறோம். தென்மாவட்டத்து நண்பர்களுக்கோ ‘கொடை’ என்றாலே கோயில் திருவிழாதான். கொடைக்கார் என்றால் சப்பரம் இழுக்கும் வண்டி என்று நினைத்துக்கொண்டாலும் வியப்பில்லை.

ஆங்கிலச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காருக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதலில் அதை ஓட்டிப் பார்க்கிறோம். நான்கு கியரும் சத்தமில்லாமல் விழுகின்றனவா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, சூடேறிய பின் புகை வருகிறதா என்று ஓடுகிற வண்டியில்தான் கண்டறிய முடியும். தரையில் இறக்கி வைத்த கியர்பாக்ஸ் எதையும் சொல்லாது. அதன்பிறகு அளவெடுக்கிறோம்: என்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட்டின் நீளம், சாய்வு, ஸ்டியரிங் தண்டு எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பவை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வைக்கிறோம். வயரிங்கை எங்கும் வெட்டாமல் முழுதாக உருவி எடுக்கிறோம். இந்தப் பொறுமை இல்லாதவர் பின்னால் படும் பாடு தனிக் கதை. இதைச் செய்வதற்குப் பட்டறையில் இருக்கும் சொல் ‘பிரிப்பது’. என்ஜின் பிரித்திருக்கிறது, கியர்பாக்ஸ் பிரித்துக் கிடக்கிறது என்று உக்கடத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை எந்த மெக்கானிக்கும் சொல்வார். பழைய இரும்புக்குப் போகும் வண்டியை ‘உடைக்கிறார்கள்’ அல்லது ‘அறுக்கிறார்கள்’. உடைப்பதற்குச் சம்மட்டியும் கேஸ் கட்டரும் போதும். பிரிப்பதற்கு அளவான ஸ்பேனரும், எந்த இடத்தில் எது இருந்தது என்ற நினைவும் வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: பிரிவண்டி. வினைத்தொகை. பிரித்த வண்டி, பிரிக்கின்ற வண்டி, பிரிக்கப்போகும் வண்டி என்று மூன்று காலத்தையும் தாங்கும். வாசலில் இன்னும் முழுதாக நிற்கும்போதும் அது பிரிவண்டிதான். எல்லாம் எடுத்தபின் கூடாகக் கிடக்கும்போதும் பிரிவண்டிதான். அதிலிருந்து எடுத்தது பிரியுறுப்பு. எதை முதலில் கழற்றுவது என்பது பிரிப்பு வரிசை. புதிதாக உருவாகும் காருக்குக் கட்டுவண்டி.

பிரிப்பதை இழிவாக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் காரை வெளியிட்டபோது, முழுக் காராக விற்றால் கொள்முதல் வரி உண்டு, உறுப்புகளாக விற்றால் இல்லை. ஆனால் பொருத்தும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் காரைப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் அதைக் கடைசிப் படியிலிருந்து தலைகீழாகப் படித்துக் காரைக் கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள். 1973இல் அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் இந்தச் சலுகையும் போயிற்று. நம் ஊர் ஜி.டி. நாயுடுவும் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்து மாட்டித்தானே தொடங்கினார்!

உங்கள் மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

—

(பொள்ளாச்சியிலிருந்து)

ஐயா, வணக்கம்.

வைக்கோற்பிரி முறுக்கும் ஊர்க்காரனிடம் ‘பிரிவண்டி’ என்றால், வைக்கோற்பிரி ஏற்றிப் போகும் வண்டி என்றுதான் எடுத்துக்கொள்வான். அது போகட்டும். சொல்லில் உறவு இல்லை என்பதே என் குறை. பழைய வண்டியிலிருந்து புதிய வண்டி வருகிறது. அந்தத் தொடர்ச்சியைச் சொல் காட்ட வேண்டாமா? தென்னையில் விதைத்தேங்காய் எடுக்கும் மரத்தைத் தாய்மரம் என்கிறோம். நாற்றங்கால் வைத்திருக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத சொல். அதே வழியில் தாய்வண்டி, சேய்வண்டி என்று வைத்தால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். மூன்று காலம் காட்டும் இலக்கணத்தைவிட ஒரே மூச்சில் புரிவது மேல் அல்லவா?

—

(கரூரிலிருந்து)

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

எனக்குப் பிரிவண்டியில் தகராறு இல்லை, கட்டுவண்டியில்தான். எங்கள் ஊரில் ‘கட்டுவது’ என்றால் பஸ் பாடி கட்டுவது. தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மட்டும் வரும், டிரைவர் அதை மொட்டையாக ஓட்டி வருவார், அதன்மேல் நாங்கள் பாடி கட்டுவோம். நாமக்கல்லில் லாரிக்கும் இதுவே. கையேட்டில் கட்டுவண்டி என்று படித்தால் கரூர்க்காரர் எவரும் ‘சேசிஸ் ஆயத்தமாக இருக்கிறது, மேற்கூடு மட்டும் செய்ய வேண்டும்’ என்றே புரிந்துகொள்வார். நீங்கள் சொல்லும் காரிலோ சேசிஸையே வீட்டில் வெல்டிங் செய்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லில் அடங்குமா?

—

(கோவையிலிருந்து)

இருவருக்கும் நன்றி. கரூர்த் தம்பி எழுப்பியது வெறும் சொல்லைப் பற்றிய கேள்வி அல்ல, பொறியியல் கேள்வி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் கட்டும் கார்கள் உண்மையிலேயே இரண்டு குலம். அமெரிக்காவில் 1960களில் புகழ்பெற்ற மேயர்ஸ் மேங்ஸ் முதல் குலம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் மேலுடலைத் தூக்கிவிட்டு, தரைத்தட்டை வெட்டிக் குறுக்கி, அதன்மேல் கண்ணாடியிழை உடலை உட்கார வைத்தார்கள். பீட்டிலில் மேலுடல் போல்ட்டில் நிற்பதால் இது முடிந்தது. இது ஏறக்குறைய கரூர் வேலைதான். லோட்டஸ் செவன் வழிவந்தவை இரண்டாம் குலம். இவற்றில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டத்தைப் புதிதாகச் செய்கிறார்கள். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஓர் அங்குலச் சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 16 கேஜ். என்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஸ்டியரிங், பிரேக் ஆகியவை மட்டும் பழைய காரிலிருந்து வரும். பிரிட்டனில் அதற்கு நெடுங்காலம் ஃபோர்டு எஸ்கார்ட் கைகொடுத்தது, பின்னர் சியராவும் மாஸ்டா எம்.எக்ஸ்-5உம் வந்தன.

நம் ஊர் வண்டிகளில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகத் தெரியும். மாருதி 800இல் தனியாகச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டம். மேலுடலைத் தூக்கினால் கீழே எதுவும் நிற்காது. ஆகவே அதைக் கொண்டு முதல் குல வேலையைச் செய்யவே முடியாது. என்ஜின் முன்னால் குறுக்குவாட்டில் இருந்து முன்சக்கரத்தைச் சுழற்றுவதால், பின்சக்கரத்தால் ஓடும் செவன் போன்ற வண்டிக்கும் நேராகப் பொருந்தாது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஆம்னியில் அதே 796 சி.சி. என்ஜின் நீளவாட்டில் படுத்து, பின் அச்சை இயக்குகிறது. செவன் வழிக்கு அதுவே நல்ல பிரிவண்டி. பழைய பிரீமியர் பத்மினி காரும் பின்சக்கர வண்டிதான், ஆனால் நல்ல கியர்பாக்ஸோடு இன்று ஒன்று கிடைத்தால் அதைப் பிரிக்க எனக்கு மனம் வராது.

எனவே கட்டுவண்டியைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, உள்ளே இரண்டாகப் பிரிப்போம். பழைய தரைத்தட்டின்மேல் புது உடல் வைப்பது உடல்கட்டு வண்டி. சட்டத்திலிருந்தே புதிதாகச் செய்வது சட்டக்கட்டு வண்டி. கரூரில் நடப்பதும் உடல்கட்டுதான் என்பதால் உங்கள் வழக்குக்கும் இடர் இல்லை. ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளை வைத்து நகைச்சுவை எழுதப்போகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். அந்தச் சட்டத்துக்குத்தான் அடுத்து வருகிறேன்.

பொள்ளாச்சி நண்பரே, தாய்மரம் அழகான சொல். ஆனால் அது விதைத்தேங்காய் கொடுத்த பிறகும் தோப்பில் நிற்கிறது, அடுத்த ஆண்டும் காய்க்கிறது. இந்த வண்டி நிற்காது. அதைவிடப் பெரிய இடைஞ்சல், தாய் என்றதும் வாரிசுரிமை வந்துவிடுகிறது. தாய்வண்டியின் ஆர்.சி. புத்தகம் சேய்வண்டிக்குச் செல்லும் என்று கையேட்டைப் படிக்கும் மாணவர் நம்பிவிடுவார். நம் நாட்டில் அப்படி இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புது மாதிரி என்று பதிவு செய்யப் போனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி முன்மாதிரியைச் சோதனை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அது தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதிய விதி. வீட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு வண்டி கட்டுபவரின் கைக்கு எட்டுவது அல்ல. பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட 39ஆம் பிரிவு விடாது. பிரித்த வண்டிக்கும் கடமை உண்டு: இனி ஓடாது என்று ஆகிவிட்டால் பதினான்கு நாளுக்குள்ளோ, கூடிய விரைவிலோ பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யைச் சேர்க்க வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ஒற்றை வண்டிக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. பழைய வண்டியின் முக்கிய உறுப்புகள் போதிய அளவு இருந்தால் அதன் வயதைக் காட்டும் பதிவெண் கிடைக்கும். அடையாளம் எதையும் நிறுவ முடியாவிட்டால் ‘க்யூ’வில் தொடங்கும் எண்ணைக் கொடுப்பார்கள். அங்கே எழுதுபவர் வம்சாவளிச் சொல்லைப் பயன்படுத்தினால் ஓரளவு பொருந்தும். இங்கே அது படிப்பவரைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். பிரிவண்டி என்ற சொல் எந்த உரிமையையும் வாக்களிக்கவில்லை. பிரித்தாயிற்று, அவ்வளவுதான்.

அப்படியென்றால் கட்டிய வண்டியை எங்கே ஓட்டுவது என்று அடுத்த மடலில் யாராவது கேட்பீர்கள். சொந்தத் தோட்டத்தில் ஓட்டலாம், அல்லது பந்தயத் தடத்தில். நமக்குச் செட்டிபாளையத்திலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் அது. மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இதே கோவையில் உருவாக்கியவர் அவர். ஓடுகிற குடும்பக் காரின் உறுப்புகளைக் கொண்டு வேறொரு வண்டி கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பெயர் வைக்காமல் விட்டதுதான் குறை. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டிகளோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டியும் அங்கே நடந்திருக்கிறது. கையேட்டுக்கு முதல் வாசகர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். ஆகவே தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கும் ஒரு சொல் வேண்டும். ‘தடவண்டி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலானது இருந்தால் அனுப்புங்கள்.

வைக்கோற்பிரி பற்றி: வைக்கோற்பிரி ஏற்றிய வண்டியும் கார் பட்டறையும் ஒரே வாக்கியத்தில் வரும் நாளில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

சொல்லடைவில் இப்போதைக்கு இப்படிப் பதிகிறேன்:

பிரிவண்டி – கட்டுவண்டிக்கு உறுப்புகள் எடுப்பதற்காகப் பிரிக்கும் வண்டி. இதன் பதிவுரிமை கட்டுவண்டிக்குச் செல்லாது.

பிரியுறுப்பு – பிரிவண்டியிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தும் உறுப்பு.

ஒரு கேள்வி மிச்சம். எல்லா உறுப்பும் ஒரே பிரிவண்டியிலிருந்து வருவது ஒரு வகை; என்ஜின் ஒன்றிலிருந்து, அச்சு மற்றொன்றிலிருந்து என்று சேர்ப்பது வேறு வகை. முதல் வகைக்கு ‘ஒற்றைப் பிரிவண்டி முறை’ என்று நீட்டி எழுதியிருக்கிறேன், எனக்கே நிறைவில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலை பார்க்கும் உறுப்பினர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பல லாரிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு வண்டி தேற்றினால் உங்கள் பட்டறையில் அதை என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாம் அத்தியாயம் அதற்காகக் காத்திருக்கிறது.