தவணை முடிவு இரவும் ஒலிக்காத மத்தளமும்

பழைய விடுதி மாணவன், வெள்ளவத்தை

2003 ஆம் ஆண்டு முதலாம் தவணையின் கடைசி இரவு அது. யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி போர்நிறுத்தத்தால் திறந்திருந்த காலமாதலால், சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர் போகப் பைகளைக் கட்டி வைத்துவிட்டே தவணை முடிவுக் கலைநிகழ்ச்சிக்காகப் பாடசாலை மண்டபத்துக்கு வந்திருந்தோம். விடுதியின் பங்கு, ஆட்டமும் பாட்டும் சேர்ந்த மரபு நாடகமான வடமோடிக் கூத்து. மத்தளம் அடிப்பவன், மட்டக்களப்பிலிருந்து வந்த தரம் ஒன்பது தம்பி. நேரம் கடந்துவிட்டதென்று ஓர் ஆசிரியர் திரைக்குப் பின்னால் வந்து, "வரவாட்டம் வேண்டாம், நேரே வசனத்துக்குப் போங்கள், கீபோர்ட் போதும்" என்றார். வரவாட்டம் என்பது பாத்திரங்கள் முதன்முதலாகச் சபைக்கு வரும்போது ஆடும் ஆட்டம். அறிவிப்பாளனாக நின்ற நான் "சரி சேர்" என்றேன். இடுப்பில் கட்டிய மத்தளத்தை அந்தத் தம்பி அவிழ்க்கவில்லை. கூத்து முடியும்வரை அவனுடைய விரல்கள் தோலில் படாமல், ஒரு நூல் இடைவெளியில், ஆட்டத்துக்குரிய தாளக்கட்டு முழுவதையும் அடித்துக்கொண்டிருந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த விரல்களே கண்ணில் நிற்கின்றன.

அஞ்சலோட்டக்காரன், தெஹிவளை

எனக்கு மறக்காதது இல்ல விளையாட்டுப் போட்டி. நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடிய நான், கோலை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொடுத்ததால் எங்கள் இல்லம் நீக்கப்பட்டது. அன்றிரவே கலைநிகழ்ச்சியின் பாடற்குழுவில், கடைசியாக ஓடவிருந்தவனுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டியிருந்தது. அவன் தன் பாட்டுத்தாளை என் பக்கம் நகர்த்திப் பிடித்தான். நான் பார்க்காதவன்போல் நேரே பார்த்துப் பாடினேன்.

சல்லரிக்காரன், கொட்டாஞ்சேனை

முதலில் எழுதியவர் ஆசிரியர்மீது பழியைப் போடுவதை நான் ஏற்கவில்லை. வாத்திய இசை, நாடகம், பரிசளிப்பு என எல்லாவற்றையும் ஒரே மாலைக்குள் அடைத்தால், கடைசியில் வருவது வெட்டுப்படத்தான் செய்யும். நான் சல்லரி என்ற கைத்தாளம் போட்ட ஆண்டிலும் எங்கள் கூத்துப் பாதியில் நின்றது. ஆயினும் வெட்ட வேண்டிய இடம் வரவாட்டம் அன்று. அரசனா, தூதனா, பெண்ணா என்பதைச் சபைக்கு முதலில் சொல்வது அவரவருக்குரிய தாளக்கட்டே. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது உடுப்புப் போட்ட வசனம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றியபோதும் ஆட்டத்தையும் மத்தளத்தையும் கைவிடவில்லை. இப்போது விடுதிப் பிள்ளைகளைப் பழக்குபவர்கள் பாட்டின் அடிகளைக் குறைக்கட்டும். கூத்தை நிகழ்ச்சி நிரலின் முதலில் வைக்கட்டும். முடிந்தால் மேடையை விட்டிறங்கி, கூத்தின் மரபு அரங்கான வட்டக்களரிபோல் நடுவில் ஆடவிட்டுச் சபையைச் சுற்றி இருத்தட்டும்.

பழைய விடுதி மாணவன், வெள்ளவத்தை

ஆசிரியரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஒலிவாங்கி என் கையில் இருந்தது. வரவாட்டம் தொடங்குகிறது என்று நான் அறிவித்திருந்தால், அத்தனை பெற்றோருக்கு முன்னால் யாரும் மேடையேறி நிறுத்தியிருக்க மாட்டார்கள்.