1966 ஈ-டைப் கூபே: ‘முழு ரெஸ்டோரேஷன்’ என்பதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

கேள்வி:
இங்கிலாந்தில் ஒரு ஜாகுவார் ஈ-டைப் விலைக்கு வந்திருக்கு. 4.2 லிட்டர், இரண்டு சீட் கூபே (மூடிய கூரை வண்டி), வலது பக்க ஸ்டியரிங். சேஸிஸ் நம்பர் 1ஈ3 என்று தொடங்குது. ‘முழு ரெஸ்டோரேஷன்’ (பழைய நிலைக்கு மீட்டது) என்று விளம்பரம். மேட்சிங் நம்பர்ஸ் (ஃபாக்டரியில் போட்ட அதே இன்ஜின், கியர்பாக்ஸ்), ஒரு ஃபைல் நிறைய பில், புது சிவப்பு பெயிண்ட். நேரில் போனால் எதைப் பார்த்து விலையை முடிவு செய்வது?

பதில் 1:
முதல் விஷயம், 1ஈ3 என்றால் ஃபாக்டரியிலேயே இடது பக்க ஸ்டியரிங். வலது பக்க கூபேக்கு 1ஈ2. அதாவது பிறகு மாற்றியிருக்காங்க. அது குற்றமில்லை, ஆனா விளம்பரத்தில் சொல்லாமல் விட்டிருந்தால் மற்றதையும் சந்தேகத்தோடவே பாருங்க.

ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழைக் கேளுங்க. இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி நம்பர்களோடு முதல் நிறமும் அதில் இருக்கும். சில்வர் ப்ளூவாகப் பிறந்த வண்டி இன்று சிவப்பு என்றால் விலையில் பேச இடமுண்டு. வண்டியில் மாட்டியிருக்கும் நம்பர் தகட்டை நம்பாதீங்க, புதுசாகவே கிடைக்குது. இன்ஜின் நம்பர் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கமும் அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகணும்.

பதில் 2:
நம்பர் சரி, ஆனா பணத்தை விழுங்குவது தகரம்தான். இதுக்கு முழு சேஸிஸ் கிடையாது. நடுவில் பாடி, முன்னால் போல்ட் போட்ட சதுரக் குழாய் ஃபிரேம். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கும். சேஸிஸ் நம்பர் அந்த ஃபிரேமில்தான், வலது பக்க டேம்பர் (ஷாக் அப்சார்பர்) மவுண்டுக்கு மேலே. ஃபிரேமை மாற்றியிருந்தால் நம்பரையும் புதுசாக அடிச்சிருப்பாங்க. பழைய துண்டு எங்கே என்று கேளுங்க.

அடுத்து கதவுக்கு அடியில் ஓடும் சில். உள்ளே முட்டுக் கொடுக்காமல் சில்லை அறுத்து மாற்றினால் பாடி தொய்ந்துவிடும். கதவின் பின் விளிம்பில் கேப் மேலே குறுகி கீழே அகன்றிருந்தால் அதுதான் காரணம். அதைச் சரிசெய்வது டிங்கரிங் இல்லை, பாடியையே திரும்பப் பிரிக்கும் வேலை. பின்புற ரேடியஸ் ஆர்ம் (பின் சஸ்பென்ஷனைப் பாடியோடு இணைக்கும் கம்பி) மாட்டும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்க.

பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டரில் 200 முதல் 350 மைக்ரான் வந்தால் பரவாயில்லை. ஒரே பேனலில் திடீரென்று 1000 தாண்டினால் உள்ளே பட்டி (பள்ளத்தை மறைக்கும் பூச்சு).

பதில் 3:
ஒரு திருத்தம். இந்தக் கூபேயில் கூரையும் பின் விங்கும் (பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகரம்) சேரும் இடத்தில் ஃபாக்டரியே ஈயம் ஊற்றியிருக்கும். அங்கே மீட்டர் எகிறினால் பட்டி என்று முடிவு கட்டவேண்டாம். பேனலின் நடுவில் எகிறினால்தான் வம்பு.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி 3000 ஆர்.பி.எம்.மில் ஆயில் ப்ரெஷர் பாருங்க, 40 பி.எஸ்.ஐ. வரணும். குறைந்தால் உடனே பயப்படவேண்டாம். ப்ரெஷரை அளந்து மீட்டருக்கு அனுப்பும் அந்தக் கால சென்டர் (sender) பொய் சொல்லும், மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பின்பக்க பிரேக் டிஸ்க், டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) ஒட்டி உள்ளே இருக்கு. சீல் கசிந்தால் ஆயில் நேராக டிஸ்க்கில்தான். அதை மாற்ற பின் சஸ்பென்ஷனை மொத்தமாக இறக்கணும், அந்தக் கூலியை விலையில் கழிச்சுக்கோங்க.

பில்லைக் கூட்டி விலை சொன்னால் ஒத்துக்காதீங்க. பெயிண்டுக்கு முந்தின வெறும் தகரப் படங்கள் இருக்கா? இல்லையென்றால் அதை ரெஸ்டோரேஷன் விலைக்கு வாங்கவேண்டாம், பெயிண்ட் அடித்த பழைய வண்டி விலைக்குக் கேளுங்க. ஒப்பிடும்போதும் விளம்பர விலை வேண்டாம், ஏலத்தில் உண்மையில் விற்ற இரண்டு சீட் கூபேக்களை மட்டும் எடுங்க. ரோட்ஸ்டர் (திறந்த கூரை வண்டி) விலை மேலே போகும், 2+2 (பின்னால் சின்ன சீட்டும் உள்ள கூபே) விலை கீழே நிற்கும்.