பழுத்த இலை என்று நினைத்தேன்

டொரன்டோவிலிருந்து அக்கா மேப்பிள் மரப் படங்களை அனுப்பிய நாளிலிருந்து எனக்கும் ஓர் இலையுதிர்காலம் வேண்டும் என்று ஆசை. நுவரெலியாவில் அதற்கு எங்கே போவது? எங்களுக்கு வாய்த்தவை மழை, மூடுபனி, ஜனவரியில் சில இரவுகளில் தேயிலையைக் கருக்கிவிடும் உறைபனி. ஆனாலும் ஒரு ஜனவரிக் காலையில், விக்டோரியா பூங்காவின் கேட் திறந்ததுமே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஓடைக்கு அப்பால் ஒரு மரத்தின் உச்சி முழுவதும் செம்பு நிறமாக இருந்தது. மூடுபனிக்குள் ஊதிவிட்ட தணல் போல. கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

முதல் பத்துப் படங்களும் சாம்பல். வெள்ளைப் பனியைக் கண்ட கேமரா வெளிச்சம் மிகுதி என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டியபின்தான் பனி பனியாக வந்தது. அதற்குள் வெயில் மலைமுகட்டைத் தாண்டிவிட்டது. அக்காவின் ஊரில் ஒக்டோபர் சூரியன் நண்பகலிலும் தாழ்வாகத்தான் நிற்குமாம். நாங்கள் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே அது விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிவிடும். ஒரு கோப்பை பிளேன்டீ ஆறுவதற்குள் பொன்னொளி தீர்ந்துவிடுகிறது. கிடைத்த கொஞ்சத்தையும், படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் தானியங்கி வைட் பாலன்ஸ் வெளுத்துக் காட்டியது. அதை ‘நிழல்’ என்ற அமைப்புக்கு மாற்றியதும் மஞ்சள் திரும்பியது.

பாதையைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் விளக்குமாற்றை ஊன்றி நின்று பார்த்தார்.

“எதைத் தம்பி இப்படி எடுக்கிறீர்கள்?”

“பழுத்த இலையை ஐயா.”

சிரித்துவிட்டார். “பழுத்தது கீழே கிடக்கிறது, அதைத்தான் நான் கூட்டுகிறேன். மேலே இருப்பது கொழுந்து.”

முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவின் மகன் நான்! கேமராவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலைகள் எல்லாம் இளசு, துவண்டு தொங்கின. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: இலையுதிர்காலத்தின் மஞ்சள், பச்சையம் சிதையும்போது வெளியே தெரிகிற பழைய நிறம்; மேப்பிளின் சிவப்போ அந்தோசயனின் என்ற நிறமி புதிதாக ஊறுவதால் வருவது. எங்கள் மலைக்காட்டு மரங்களின் துளிரைச் சிவக்க வைப்பதும் அதே நிறமிதான். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் காட்டின் மேற்பரப்பைக் கவனியுங்கள், பூ என்று நினைப்பதில் பாதி தளிராக இருக்கும்.

இன்னொன்று: குளிரில் நின்ற கேமராவோடு நேரே தேநீர்க்கடைக்குள் நுழையாதீர்கள். லென்ஸ் வேர்த்துவிடும். நான் பைக்குள் மூடி வைக்காமல் போய் அரைமணி நேரத்தை இழந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். மரம் பச்சையாகிவிட்டிருந்தது. அதன் அடியில் ஆறுமணிக் குருவி ஒன்று சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. அன்று பார்த்து நான், குருவியைப் புள்ளியாகக் காட்டும் அகலக்கோண லென்ஸை மட்டும் கொண்டு போயிருந்தேன்.